உறைக்குள் விலை, மண்ணுக்குள் தெரு

வெள்ளிக்கிழமை பொழுது புலர்வதற்கு முன்பே செஞ்சி விழித்துவிடுகிறது. அன்று வாரச்சந்தை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மினி லாரிகளிலும் சரக்கு ஆட்டோக்களிலும் ஆடுகள் வந்து இறங்குகின்றன. தீபாவளி, பொங்கல், பக்ரீத் நெருங்கினால் கால் வைக்க இடமிருக்காது. வாங்க வந்த வியாபாரி எடுத்த எடுப்பில் விலை கேட்பதில்லை. ஆட்டின் முதுகுத்தண்டில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார். எலும்பு குத்தினால் சதை இல்லை என்று பொருள். வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார், வயசு தெரிந்துவிடும். வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து ஒரு தூக்குத் தூக்கி எடையைக் கணிக்கிறார். அதற்குப் பிறகுதான் பேச்சு.

ஊரில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஒன்றும் இருக்கிறது. செஞ்சி வட்டாரத்து நெல்லுக்குப் பெயர்போன இடம். வியாபாரி ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கிறார், உமியை ஊதிவிட்டு அரிசியைப் பல்லில் வைத்துக் கடிக்கிறார். கடித்த சத்தத்திலேயே ஈரப்பதம் தெரியும் என்பார்கள். இங்கே விலையைச் சத்தம் போட்டுச் சொல்வது இல்லை. யார் என்ன விலை போட்டார் என்பது மற்றவருக்குத் தெரியாமல் குறித்துக் கொடுப்பார்கள், எது அதிகமோ அதற்கு நெல் போகும். இதற்கு மறைமுக ஏலம் என்று பெயர்.

மூன்றாவதாக இன்னொரு சந்தையும் இந்த ஊரில் உண்டு. அதில் ஆடும் இல்லை, நெல்லும் இல்லை, கூச்சலும் இல்லை. அது பேரூராட்சி அலுவலகத்தில் நடக்கிறது. ஒரு தெருவுக்கு சிமென்ட் சாலை, ஒரு வார்டுக்கு மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய் மாற்றுவது, தெருவிளக்குப் பராமரிப்பு, குப்பை அள்ளும் ஒப்பந்தம் எல்லாம் அங்கேதான் விலை போகின்றன. செஞ்சிக்கு மட்டும் உரிய கதை இல்லை இது. தமிழ்நாட்டின் எல்லாப் பேரூராட்சிகளிலும் இதே நடைமுறைதான். ஆனால் மூன்று சந்தைகளும் ஒரே ஊரில் இப்படி அருகருகே அமைந்திருப்பதால், ஒரு வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரிகிறது. ஆட்டைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். நெல்லைக் கடித்துப் பார்த்து வாங்கலாம். தெருவையோ இன்னும் போடவே இல்லை. இல்லாத ஒரு பொருளுக்கு விலை பேசி, வேலையை ஒப்படைத்து, அது முடிந்ததும் அதன் முக்கியமான பகுதியை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, பிறகு பணம் கொடுக்கிறோம்.

பொருளாதார அறிஞர்கள் சரக்குகளை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளும் சரக்கு ஒன்று. பயன்படுத்திய பிறகு தெரியவரும் சரக்கு இரண்டாவது. இந்த இரண்டையும் 1970-இல் பிலிப் நெல்சன் பிரித்துக் காட்டினார். 1973-இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவது வகையைச் சேர்த்தார்கள். அது பயன்படுத்திய பிறகும் நன்றாக இருந்ததா என்று வாங்கியவருக்கு எளிதில் விளங்காத சரக்கு, நம்பித்தான் வாங்க வேண்டும். பழுது பார்க்கக் கொடுத்த வண்டி அப்படி. சிமென்ட் சாலையும் அப்படித்தான். ஐந்தாம் ஆண்டில் விரிசல் விட்டால் லாரி அதிகம் போனதாலா, மழையாலா, போட்டவர் குறைத்துப் போட்டதாலா என்று மேலே நின்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது.

இந்த மூன்றாம் வகைச் சரக்கை ஊர்ப் பணத்தில் எப்படி வாங்குவது என்பதற்குப் பின்னால் பெரிய அறிவியல் ஒன்று வளர்ந்திருக்கிறது. அதில் கணிதமும் உண்டு, கான்கிரீட்டும் உண்டு.

முதலில் உறையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசு வேலைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதை 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன்கீழ் 2000-இல் வந்த விதிகளும் வகுத்திருக்கின்றன. முதலில் பொறியாளர் எஸ்டிமேட் போடுவார். பிறகு டெண்டர் அறிவிப்பு வரும். ஒப்பந்ததாரர்கள் முன்வைப்புத் தொகை கட்டி, மூடிய உறையிலோ இணையவழியிலோ விலை கொடுப்பார்கள். குறித்த நாளில், குறித்த நேரத்தில், வந்திருப்பவர்கள் முன்னிலையில் திறப்பார்கள். தகுதியுள்ளவர்களில் யார் விலை குறைவோ அவருக்கு வேலை. அது மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாக வைக்கப்படும், கவுன்சிலர்கள் ஒப்புவார்கள்.

உறையை ஏன் மூட வேண்டும்? ஆட்டுச் சந்தை மாதிரி முகத்துக்கு முகம் பேசினால் என்ன?

ஒரு தெருவைப் போட்டு முடிக்க ஒருவருக்கு 4 லட்சம் ரூபாய் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்களுக்கு 4 முதல் 6 லட்சத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் ஆகலாம். அது அவருக்குத் தெரியாது. அவர் 4 லட்சம் என்றே எழுதினால் வேலை கிடைக்கும், கையில் ஒன்றும் நிற்காது. 5.5 லட்சம் என்று எழுதினால் லாபம் பெரிது, வேலை கைநழுவிப் போகலாம். இந்த இழுபறிக்குக் கணிதத்தில் தெளிவான விடை இருக்கிறது. போட்டியில் இரண்டே பேர் என்றால் அவர் 5 லட்சம் எழுதுவதுதான் அவருக்கு நல்லது. நான்கு பேர் என்றால் 4.5 லட்சம். பத்துப் பேர் என்றால் 4.2 லட்சம். செலவு மாறவில்லை, ஆளும் மாறவில்லை. எத்தனை பேர் உறை போடுகிறார்கள் என்ற ஒன்று மாறியதற்கே ஊர்ப் பணத்தில் 80,000 ரூபாய் மிஞ்சுகிறது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தியவர்கள், உறை போட்டுத் தோற்றுப்போன மற்றவர்கள்.

இந்தக் கணக்குக்கு வித்திட்டவர் வில்லியம் விக்ரி. 1961-இல் அவர் எழுதிய ஒரே ஒரு கட்டுரையிலிருந்து ஏலக் கோட்பாடு என்ற துறையே கிளைத்தது. 35 ஆண்டுகள் கழித்து 1996-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அறிவித்த மூன்றே நாளில் இறந்துபோனார். பரிசை மேடையேறி வாங்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2020-இல் இதே துறைக்காக ராபர்ட் வில்சனுக்கும் பால் மில்கிரோமுக்கும் அந்தப் பரிசு கிடைத்தது.

பத்துப் பேர் உறை போட்டாலும், அந்தப் பத்துப் பேரும் முதல் நாள் இரவு ஒரே அறையில் உட்கார்ந்து பேசிவிட்டால் போட்டி என்பதே இல்லை. ஒருவர் வாங்குவார், மற்றவர்கள் ஒப்புக்கு உயர்த்தி எழுதுவார்கள். அடுத்த வேலை அடுத்தவருக்கு. இதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு உறையும் விதிப்படி சரியாகத்தானே இருக்கும்?

சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநிலத்தில் தார்ச்சாலை போடும் நிறுவனங்கள் 1999 முதல் 2005 வரை இப்படித்தான் சேர்ந்துகொண்டன. பின்னால் அந்த ஆண்டுகளின் டெண்டர் விலைகளை எடுத்து ஆராய்ந்த பொருளாதார அறிஞர்களுக்கு விடை விலைகளின் பரவலில் கிடைத்தது. உண்மையான போட்டியில் விலைகள் சிதறிக் கிடக்கும். ஒருவருக்கு ஜல்லி பக்கத்தில் கிடைக்கும், ஒருவருக்கு ஆள் கூலி அதிகம், ஒருவர் கணக்கில் கொஞ்சம் தப்பு. பேசிவைத்து எழுதும்போது அந்தச் சிதறல் சுருங்கிவிடுகிறது, எண்கள் நெருக்கமாக ஒட்டி நிற்கின்றன. கூட்டு உடைந்த பின் சிதறல் திரும்பி வந்தது, விலையும் சட்டென இறங்கியது. உறைக்குள் இருந்த எண்களே சாட்சி சொல்லிவிட்டன. பழைய டெண்டர்களின் ஒப்பீட்டு அறிக்கையும் ஒரு கணிப்பானும் இருந்தால், பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த எவரும் இந்தச் சிதறலைப் பார்க்க முடியும் என்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய ஆறுதல்.

சரி, கூட்டு இல்லை, நேர்மையான போட்டிதான். குறைந்த விலை போட்டவருக்கு வேலை போனது. ஊருக்கு நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

1971-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூன்று பேர் ஒரு புதிரை எழுதினார்கள். கடலுக்கடியில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் வென்ற கம்பெனிகளுக்கு, எதிர்பார்த்த லாபம் வரவில்லை. ஏன்? கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் ஊகிக்கிறார்கள். ஊகங்களின் சராசரி சரியாகவே இருக்கலாம். ஆனால் ஏலத்தில் வெல்பவர் சராசரி ஆள் அல்ல, எல்லோரையும்விட அதிகமாக ஊகித்தவர். அதாவது, வென்றதே அவர் தப்பாகக் கணித்தார் என்பதற்கு அடையாளம். இதை வென்றவரின் சாபம் என்று சொல்வார்கள். 1983-இல் பேசர்மன், சாமுவேல்சன் என்ற இருவர் இதை வகுப்பறையில் செய்து காட்டினார்கள். 8 டாலர் மதிப்புள்ள பொருள்களைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மாணவர்களை ஏலம் கேட்கச் சொன்னார்கள். மாணவர்களின் ஊகம் சராசரியாக 5 டாலரைச் சற்றே தாண்டியது. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் வென்றவர்கள் கொடுத்த விலை சராசரியாக 10 டாலர். ஜாடியின் மதிப்பைக் குறைத்து எடைபோட்ட அந்தக் கூட்டத்திலும் வென்றவருக்கு நஷ்டம்தான்.

ஊரில் சந்தைச் சுங்கம் வசூலிக்கும் குத்தகையைப் போட்டி போட்டு ஏற்றி எடுத்துவிட்டு, பிறகு கையைக் கடிக்கிறது என்று சொல்பவர்களைப் பலரும் பார்த்திருப்போம். அதே சாபம்தான். சாலை டெண்டரில் இது தலைகீழாக வருகிறது. எல்லோரையும்விடக் குறைவாகச் செலவைக் கணித்தவர் வெல்கிறார். வேலையை ஆரம்பித்த பிறகு உண்மையான செலவு தெரிகிறது. எம்-சாண்ட் விலை ஏறியிருக்கும், தோண்டிய இடத்தில் பாறை தட்டியிருக்கும். செஞ்சியில் பாறைக்குப் பஞ்சமா? இப்போது அவர் முன்னால் இரண்டு வழி. நஷ்டப்பட்டு வேலையைச் சரியாக முடிப்பது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொஞ்சம் குறைப்பது இன்னொன்று. மிகக் குறைவாகக் கேட்பவரிடம் கூடுதல் காப்புத்தொகை வாங்குவது இந்த அபாயத்தைத் தெரிந்துதான். குறைந்த விலை என்று நாம் கொண்டாடும் எண்ணுக்குள்ளேயே மெல்லிய சாலையின் விதை இருக்கிறது.

எவ்வளவு மெல்லிய? நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் கொண்ட ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். அதற்கு 45 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். 15-க்குப் பதில் 13 சென்டிமீட்டர் போட்டால் 39 கன மீட்டர் போதும். ஆறு கன மீட்டர் மிச்சம், ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இரண்டு சென்டிமீட்டர் என்பது கட்டைவிரல் நகத்தின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஓரத்தில் நின்று டேப் வைத்து அளந்தால் அது தெரியாமலும் போகலாம். ஓரப் பலகையை ஒட்டி 15 இருக்கும். நடுவில் மண்படுகை சற்று மேடாக இருந்தால் போதும், அங்கே கான்கிரீட் மெலிந்துவிடும்.

ஆனால் பலம் கனத்தின் நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஒரு பலகை வளைவைத் தாங்கும் திறன் அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 13-இன் வர்க்கம் 169, 15-இன் வர்க்கம் 225. வகுத்தால் முக்கால். அதாவது, கான்கிரீட்டில் 13 சதவீதம் குறைத்தவர் தெருவின் வளைவுத் திறனில் நான்கில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறார். அவருக்கு மிஞ்சியது ஆறு கன மீட்டர். ஊர் இழந்தது அதைவிட எவ்வளவோ பெரிது. திருடியவருக்குக் கிடைப்பதைவிடப் பறிகொடுத்தவருக்கு ஆகும் நஷ்டம் அதிகம் என்பதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவான எண்ணில் பார்த்ததில்லை.

இதோடு வண்டியின் எடையைச் சேர்த்துப் பாருங்கள். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, லாரிகளை இரவு பகலாக அதில் ஓடவிட்டார்கள். சாலை தேய்வது அச்சின் எடையோடு ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று கண்டார்கள். அச்சு எடை பத்து மடங்கானால் தேய்மானம் பத்தாயிரம் மடங்கு. இந்த எடைக் கணக்கு இப்போது செஞ்சிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 2025 ஜூலையில் 'மராட்டியர் ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில். மகாராஷ்டிரத்துக்கு வெளியே ஒன்றே ஒன்று, அது செஞ்சி. இனி சுற்றுலாப் பேருந்துகள் கூடும். ஒரு பேருந்து, ஆயிரக்கணக்கான பைக்குகளும் கார்களும் சேர்ந்து செய்வதைவிட அதிகமாகச் சாலையைத் தேய்க்கும். அந்த இரண்டு சென்டிமீட்டருக்கு இப்போது மதிப்பு ஏறிவிட்டது.

கனம் மட்டும் அல்ல, கலவையும் இருக்கிறது. கான்கிரீட் காய்ந்து இறுகுவதாகப் பேச்சுவழக்கில் சொல்கிறோம். அது காய்வதில்லை. சிமென்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்து படிகமாக மாறுகிறது, அந்தப் படிகங்கள் ஜல்லியையும் மணலையும் பின்னிப் பிடிக்கின்றன. அந்த வினைக்குத் தேவையான தண்ணீர் குறைவுதான். கூலியாட்களுக்குக் கலவை லேசாக ஓட வேண்டும் என்று ஒரு குடம் கூடுதலாக ஊற்றினால், அந்தத் தண்ணீர் பின்னால் ஆவியாகி, இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச் செல்லும். தண்ணீர் கூடக் கூடப் பலம் எப்படி இறங்குகிறது என்பதை டஃப் ஏப்ரம்ஸ் 1918-இலேயே வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார். ஊற்றும்போது தண்ணீர் எதிரி. இறுகிய மறுநாளிலிருந்து அதே தண்ணீர் நண்பன். வினை தொடர ஈரம் வேண்டும். அதனால்தான் புதிதாகப் போட்ட சாலையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள், நனைந்த கோணிச்சாக்கு போர்த்துகிறார்கள். ஒரு வாரம் நனைக்காத சாலையை, அதற்குப் பிறகு எவ்வளவு நனைத்தாலும் முழுப் பலத்துக்குக் கொண்டுவர முடியாது.

இதைச் சோதிக்க ஒரு எளிய, அழகான வழி உண்டு. வேலை நடக்கும்போதே அதே கலவையில் கொஞ்சம் எடுத்து, 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள இரும்பு அச்சுகளில் நிரப்பிக் கனசதுரங்களாக வார்க்கிறார்கள். 28 நாள் தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு எந்திரத்தில் நசுக்குகிறார்கள். எம் 20 என்ற தரத்தில் 20 என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். அந்தச் சின்னக் கட்டியின் மேல் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 46 டன் வருகிறது. ஒரு குழந்தை இரண்டு கையால் தூக்கத் திணறும் எட்டு கிலோ கட்டி, ஒன்பது பெரிய யானைகளின் எடையைத் தாங்கிய பிறகுதான் உடையலாம்.

இந்த அளவுகள் எல்லாம் ஏறும் இடம் அளவுப் புத்தகம். அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள். பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் போட்டிருக்கும், ஒரு தாளையும் கிழிக்க முடியாது. பேனாவால்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, தப்பானால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நீளம், அகலம், கனம் மூன்றும் தனித்தனிக் கட்டத்தில். பெருக்கி வரும் அளவுக்குத்தான் பில். நீளத்தையும் அகலத்தையும் தெருக்காரர் எவரும் மறுநாள் காலடி வைத்து அளந்து பார்த்துவிடலாம். கனம் ஒன்றைத்தான் அளந்தவர் சொன்னால் உண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்போம். 100 மீட்டர் தெருவில் ஆறு கன மீட்டரை அந்த மூன்றாவது கட்டத்துக்குள் மறைத்துவிடலாம்.

அந்தக் கட்டத்தை நேராகப் போய்ச் சோதித்த ஓர் ஆய்வு இருக்கிறது. பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார அறிஞர் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் 608 கிராமங்களை எடுத்துக்கொண்டார். எல்லாக் கிராமங்களிலும் அரசுப் பணத்தில் சின்னச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்த பின் பொறியாளர்களை அனுப்பிச் சாலையைத் தோண்டச் சொன்னார். கல்லும் மணலும் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து, கணக்கில் எழுதியதோடு ஒப்பிட்டார். நேர்மையாகப் போட்டாலும் கொஞ்சம் மணல் சிந்தும், கல் அமுங்கும். அந்த இயல்பான சேதாரத்தைத் திருட்டோடு சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக, முன்னதாகவே தாங்களே சோதனைச் சாலைகள் போட்டுத் தோண்டி அளந்து வைத்துக்கொண்டார்கள். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சில கிராமங்களுக்கு, உங்கள் கணக்கு கட்டாயம் தணிக்கைக்கு வரும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். வழக்கமாகத் தணிக்கை வர வாய்ப்பு நூற்றுக்கு நான்குதான், அது நூற்றுக்கு நூறானது. காணாமல் போகும் செலவு 8 சதவீதப் புள்ளி குறைந்தது. வேறு சில கிராமங்களில் தணிக்கைக்குப் பதிலாக, கணக்குச் சொல்லும் கூட்டத்துக்கு ஊர் மக்களை அழைத்தார்கள். கூட்டம் சேர்ந்தது, பேச்சு நடந்தது. மொத்தத்தில் பெரிய பலன் இல்லை. உள்ளே பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கூலிப் பணம் காணாமல் போவது குறைந்திருந்தது. கல்லும் மணலும் காணாமல் போவது அப்படியே இருந்தது. தனக்கு எத்தனை நாள் கூலி வந்தது என்று வேலை செய்தவருக்குத் தெரியும், கூட்டத்தில் எழுந்து கேட்டுவிடுவார். சாலைக்குள் எத்தனை லோடு கல் போனது என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்றும் கண்டார்கள். தணிக்கை வரும் என்ற கிராமங்களில், பொறுப்பாளர்கள் தங்கள் சொந்தக்காரர்களை வேலைக்கு வைத்துக்கொள்வது கூடியிருந்தது. ஒரு வழியை அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும்.

சொந்தக்காரர் என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. செஞ்சிக்கு வடகிழக்கே, அதிக தூரமில்லை. அங்கே கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். எதற்கான தேர்தல் அது? ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். ஏரியைத் தூர் வாருவது, மதகைப் பார்ப்பது, ஊர்ப் பணத்தைச் செலவழிப்பது எல்லாம் இவர்கள் கையில். பதவி 360 நாள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவரோடு நிற்கவில்லை, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது என்று உறவுமுறைகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கடந்த மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்தவருக்கும் இடமில்லை. நிலமும் கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்த சபை அது, அதை மறைத்துப் பெருமை பேசுவது சரியல்ல. ஆனால் பணம் எந்த வழியாக ஒழுகும் என்று அவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். குடத்தைக் குலுக்கி, எது எதென்று அறியாத சிறுவனை ஓலை எடுக்க வைத்தது, முதல் நாள் இரவு பேசிவைக்கும் வழியை அடைக்கத்தான்.

செஞ்சிக் கோட்டைக்குத் திரும்புவோம். கீழ்க்கோட்டையில் கல்யாண மகால் நிற்கிறது. சதுர முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காக ஏறும் கோபுரம், உயரம் சுமார் 27 மீட்டர், உச்சியில் பிரமிடு வடிவக் கூரை. இந்தக் கட்டடத்தின் மேல் அடுக்குகளுக்குச் சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியதாகச் சொல்வார்கள். எந்திரம் இல்லாத காலத்தில் குழாய் வழியாகத் தண்ணீரைத் தானாக மேலே ஏற்ற ஒரு வழிதான்: அதைவிட உயரமான இடத்திலிருந்து அதைக் கொண்டுவர வேண்டும். மூடிய குழாயில் தண்ணீர் தான் புறப்பட்ட மட்டத்தைத் தேடி ஏறும், அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏறாது. ஒவ்வொரு பத்து மீட்டர் உயர வித்தியாசத்துக்கும் குழாயின் உள்சுவரில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும். நூற்றுக்கணக்கான இணைப்புகளில் ஒன்றில் பூச்சு சரியில்லை என்றாலும் தண்ணீர் அங்கே பீறிடும். குழாய் போட்டவரின் வேலையைச் சோதிக்க யாரும் தோண்ட வேண்டியதில்லை. திறந்துவிட்ட அன்றைக்கே மேல்மாடியில் தண்ணீர் வந்ததா, வரவில்லையா என்பதே தணிக்கை.

சாலைக்கு அந்த வசதி இல்லை. அது முதல் நாள் பளபளவென்று இருக்கும், 13 சென்டிமீட்டரானாலும் 15 ஆனாலும். அதனால்தான் அதை வேறு விதமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. உருளை வடிவ வாளில் வைர முனை பதித்த எந்திரம், சாலையில் நட்டுக்குத்தாக இறங்கி ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தரும். மணல், ஜல்லி, சிமென்ட், கீழே அடிமண் ஒட்டியபடி, கேழ்வரகுக் களியைக் குவளையால் வெட்டி எடுத்த மாதிரி அது கையில் வரும். ஸ்கேல் வைத்தால் கனம் தெரியும், நசுக்கினால் பலம் தெரியும். வெட்டிய துளையை அன்றைக்கே கலவை போட்டு மூடிவிடலாம்.

தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் மாநிலச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு, 1997-இல். பிறகு 2005-இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. பத்து ரூபாய் கட்டி, முப்பது நாளில் தாளில் பதில் வாங்கும் சட்டம் என்றுதான் பெரும்பாலும் அறிந்திருக்கிறோம். அதன் இரண்டாவது பிரிவில், தகவல் உரிமை என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், ஆவணங்களைப் பார்ப்பது மட்டும் எழுதப்படவில்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடுவதும் அதற்குள் வருகிறது. பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்வதும் வருகிறது. எம்-புக்கின் மூன்றாவது கட்டத்தில் 0.15 என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம். தெருவில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் மாதிரியைத் தாருங்கள் என்றும் கேட்கலாம்.

ஆட்டுச் சந்தையில் கட்டைவிரலால் முதுகெலும்பைத் தேடும் வியாபாரி செய்வதும் இதைத்தான்.